தாஹிர்வெட்டினான்

2024 செப்டெம்பர் 3

பெற்றோலுக்கு வரிசையில் நின்று மனிதர் மயங்கி விழுந்த வருசம் போய் இது இரண்டாவது வருசம். சனாதிபதித் தேர்தல் வருகிறது. சந்தியில் மதில் தெரியாத அளவுக்கு முகங்களை ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு வருசம் என்றால் இப்படித்தான். மேலே இருக்கிற இலக்கம் மகள் ஜெஸ்மின் போட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

இது அவளுடைய யோசனை. காலையில் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். ஒரு வான்காரன் தலையை நீட்டி, "தாஹிர்வெட்டினானுக்கு எந்தப் பக்கத்தால போறது?" என்று கேட்டான். வாசலில் இருந்தவன் நான். "அப்பிடி ஒரு இடம் இல்ல" என்றேன். அவன் போனைக் காட்டினான். "மெப்பில இருக்கே." உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கிளாஸை மேசையில் அடித்து வைத்தேன், அது உடைந்தது. பிறகு என் மருமகன் றிஸ்கானே தன் ஓட்டோவை முன்னால் விட்டு அந்த வானுக்கு வழி காட்டிக்கொண்டு போனான். என் கண்ணுக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்தால் ஜெஸ்மினுக்குக் கதை முதலே வந்துவிட்டது. "வாப்பா, கடையில போய்க் கத்துறத எனக்கிட்டச் சொல்லுங்க. நான் கொப்பியில எழுதி வைக்கிறன். ஊரிட கிளாசும் மிஞ்சும், உங்கட மானமும் மிஞ்சும்."

சரி. எழுது.

செப்டெம்பர் 4

தெரியாதவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். இங்கே யாருக்குத் தெரியாது? கொப்பிக்குத் தெரியாது.

கட்டைபறிச்சானுக்குத் தெற்கே, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு, ஒரு உப்புத் தண்ணீர்க் களப்பு கிடக்கிறது. கடலுக்கு வாய் இல்லாத களப்பு. இடையில் மணல் மேடு. மேட்டின் மேல் இப்போது தார் ரோட்டுப் போட்டுச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். அதற்குள் ஆறு எதுவும் விழுவதில்லை. அதிலிருந்து ஒரு சொட்டும் கடலுக்குப் போவதில்லை. மாரியில் மழை நிறைந்து அரை உப்பாக இருக்கும். ஆடி ஆவணியில் வற்றி, பார்க்க ஏலாத வெள்ளையாகும். அப்போது நாக்கில் வைத்தால் கடல் தண்ணீர் பரவாயில்லை என்று தோன்றும். மீன் இல்லை. சின்னஞ்சிறு பூச்சி இருக்கிறதாம், அதைத் தின்னப் பூநாரை வருகிறது. பூநாரையைப் பார்க்க வெள்ளைக்காரர் வருகிறார்கள். வெள்ளைக்காரரைப் பார்க்க எங்கள் பெடியன்கள் போகிறார்கள்.

வற்றும்போது இன்னொன்றும் தெரியும். வருகிறவர்களுக்கு அது என்னவென்று விளங்காது. உப்புக்குள்ளே நேர் நேராகக் கோடுகள், குறுக்கும் நெடுக்கும். அவை வயல் வரம்புகள். அறுபது வருசமாகியும் கரையவில்லை. அது களப்பாக இருந்த இடமே இல்லை. நெடும்பள்ள வட்டை என்று பெயர், நெல் விளைந்த பூமி. தென்மூலையில் இருந்த வயல் என் உம்மா ஆமினா உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் காலால் தடவிக் காட்டுவேன்.

களப்புக்கு ஊர் வைத்த பெயர் தாஹிர்வெட்டினான். தாஹிர் என் காக்கா, எனக்கு மூத்தவர். உம்மா பெற்றது எங்கள் இரண்டு பேரைத்தான்.

பக்கத்தில் கட்டைபறிச்சான் இருக்கிறது. எவனோ எந்தக் கட்டையையோ பறித்தானாக்கும். அவனுடைய பெயர் ஒருவருக்கும் தெரியாது. அவன் தப்பிவிட்டான்.

செப்டெம்பர் 7

புயல் வருசம். ராமேஸ்வரத்துப் பக்கம் ரயிலைக் கடல் கொண்டுபோனதே, அந்தப் புயல். அங்கே போகுமுன் எங்களை மிதித்துவிட்டுத்தான் போனது. எனக்கு அப்போது மீசை அரும்பின வயது. காக்கா கலியாணம் பேசுகிற வயது.

மார்கழி. நெல் முழங்கால் அளவு நிற்கிறது, மழை விடவில்லை. பள்ளத்துத் தண்ணீர் வடிவதற்கு இருந்த ஒரே வழி மணல் மேட்டுக்கு நடுவில் இருந்த வாய். வருசத்தில் பாதி நாள் அது மணலால் மூடிக் கிடக்கும். வெள்ளம் கூடினால் வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வயல்காரனுக்கு நல்லது. மீன்காரனுக்குக் கூடாது, வாயடியில் வளருகிற இறால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும். முன்னொரு காலத்தில் இதனால் அடிதடி நடந்து மண்டைகள் உடைந்தனவாம். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம் வந்தது. வாய் வெட்டுகிற அன்றைக்கு முதல் மண்ணை மீன்காரர் பக்கத்தில் ஒருவர் வெட்ட வேண்டும். எங்களுக்கும் சம்மதம் என்பதற்கு அதுதான் அடையாளம். அது விழாமல் வயல்காரர் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். விழுந்த பிறகு ஒருவரும் குறை சொல்லக் கூடாது. முதல் மண் எங்கள் குடும்பத்து உரிமை. வாப்பா வெட்டினவர். வாப்பா மௌத்தான பிறகு காக்கா. பெருமையான காரியம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அன்றைக்கு மணல் மேட்டில் முதலில் நின்றது ஐந்து பேர். வயல் வேலைக்கெல்லாம் தலைவரான வட்டைவிதானை தங்கரத்தினம். அவருடைய மகன் ஆனந்தராசா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்களோடு வலை இழுக்கிற ஹிஸ்புல்லா. காக்கா. மண் அள்ளக் கூடையோடு நான். மற்றச் சனம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

காக்கா கடலைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "கடல் கறுத்துக் கிடக்கு, விதானையார். அலை அடியில இருந்து எழும்புது. ரெண்டு நாள் பொறுங்க."

"ரெண்டு நாளில பயிர் அழுகிப்போகும். உமக்கென்ன, உம்மட மீன் அழுகாது."

"எங்கட உம்மாட வயலும் உள்ளுக்குத்தான் கிடக்கு. கொஞ்சம் பொறுங்க."

விதானையார் வானத்தைக் காட்டினார். பிறகு மண்வெட்டியைக் காட்டினார். "நீர் முதல் மண்ணைப் போடும். பிறகு நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

காக்கா ஒரு வெட்டு வெட்டினார். ஒன்றுதான். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு ஊரே சேர்ந்து வெட்டியது. தண்ணீர் கடலுக்கு ஓடியதைப் பார்த்துச் சனம் கூவியது.

மறுநாள் புயல். வெட்டின வாயால் கடல் உள்ளே வந்தது. ஆறு திரும்பி ஓடுவது போல வந்தது. காற்று அடங்கினபோது வாய் இருந்த இடம் தெரியவில்லை. மணல் பனை உயரத்துக்கு மேடாகி மூடிவிட்டது. உள்ளே கடல். அடுத்த மாரிக்கு இனிக்கும் என்றார்கள். இனிக்கவில்லை. விதைத்தது எல்லாம் முளையிலேயே கருகியது.

அரசாங்கக் கச்சேரியிலிருந்து விசாரிக்க வந்தார்கள். வாயை ஆர் வெட்டினது என்று கேட்டார்கள். "தாஹிர் வெட்டினான்" என்று ஊர் சொன்னது.

பொய் இல்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் மறுத்திருக்கலாம்.

பாத்துக்கொள்ளுறம் என்ற விதானையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

செப்டெம்பர் 8

இன்றைக்கு ஒன்றும் சொல்ல மனமில்லை. காற்று.

செப்டெம்பர் 24

புது சனாதிபதி வந்துவிட்டார். கடையில் எல்லோரும் நாடு திருந்தப்போகிறது என்கிறார்கள். நல்லது.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தது. பெயர் கீர்த்தனி, சாம்பல்தீவுப் பக்கமாம். குளம், களப்பு, ஓடை எல்லாவற்றுக்கும் பெயரை ஊரோடு பேசி உறுதிப்படுத்தி, மூன்று பாசையிலும் பலகை நடப்போகிறார்களாம்.

"நெடும்பள்ளம் எண்டு போடுங்க, மகள்" என்றேன்.

"எல்லாரும் தாஹிர்வெட்டினான் எண்டுதானே சொல்லினம், ஐயா. ஆர் அந்தத் தாஹிர்?"

நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறியக் கேட்டது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான். நான் என்ன சொன்னேன்? "ஒரு மனிசன்" என்றேன்.  பிள்ளை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தை மாதம் கூட்டம் வைப்போம், ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று போய்விட்டது.

போன பிறகு முழுக் கதையும் வாய்க்கு வந்தது. யாருக்குச் சொல்ல? கோழிக்கா?

ஒக்டோபர் 12

ஜெஸ்மின் கேட்டாள், பெரியவாப்பா ஏன் ஊரைவிட்டுப் போனார் என்று. அவளுக்கு அவரைக் கண்ட நினைவு ஒரே ஒரு தடவைதான், சின்னப் பிள்ளையில்.

புயல் கழிந்த இரண்டாம் வருசம் காக்கா புல்மோட்டைக்குப் போனார். மணல் அள்ளுகிற வேலை. அங்கேயும் மணல்தான். அவருக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றுபோனது. பெண் வீட்டார் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுடைய வயலும் உள்ளே போயிருந்தது. பிறகு அங்கேயே ஒரு கலியாணம் முடித்தார். பிள்ளை இல்லை.

உம்மா மௌத்தானது இந்திரா காந்தியைச் சுட்ட வருசம். தந்தி கிடைத்து, பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கடலால் லோஞ்சியில் மூதூருக்கு வந்து சேர்ந்தார். மையவாடியில் குழி மூடுகிற நேரம். மூத்த மகன்தானே, மண்வெட்டியைக் கையில் எடுத்தார். பின்னால் ஒரு குரல்: "தாஹிரிட்ட மண்வெட்டியக் குடுக்காதீங்க. கடல் வந்திரும்."

மையவாடியில் ரெண்டு பேர் சிரித்தார்கள். உம்மாவின் குழிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். ஆர் ஆரென்று எனக்குத் தெரியும். அவர்களும் இப்போது அதே மையவாடியில்தான் கிடக்கிறார்கள்.

காக்கா ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியை மெதுவாக வைத்தார். கையால் மூன்று பிடி மண் போட்டார். பின்னேர லோஞ்சியில் போய்விட்டார். பிறகு அவர் இந்த ஊருக்கு வரவில்லை. அவர் மௌத்தான சேதி எனக்கு வந்தது நாற்பதாம் நாள் கத்தமும் கொடுத்து முடித்த பிறகு. சண்டைக் காலம், ரோட்டுப் பூட்டிக் கிடந்தது. அவரை அடக்கின கபுறை நான் கண்டதே பல வருசம் போய்த்தான்.

இங்கே பெயர் மட்டும் நின்றது. ஆளைத் துரத்திவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 28

வெள்ளம். ரோட்டுக்கு மேலால் தண்ணீர் போகிறது. வடக்குப் பக்கத்து ஓடையின் வாயைப் பெக்கோ மெசின் கொண்டுவந்து வெட்டினார்கள். நான் குடையோடு போய்ப் பார்த்தேன். மஞ்சள் நிறம். ஓட்டினவன் எந்த ஊர் என்றும் தெரியாது, கண்ணாடிக்குள் இருந்து தொதல் தின்றுகொண்டு வெட்டினான்.

அந்த இடத்துக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

2025 ஜனவரி 22

கூட்டம். பல்நோக்கு மண்டபம். கதிரை எல்லாம் நிறைந்து பெடியன்கள் சுவரோரம் நின்றார்கள். கீர்த்தனி பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தது. தாஹிர்வெட்டினான் என்று வந்ததும் பின்னால் கசமுச என்று கதை.

றுமைஸ் என்கிற பெடியன், படகு வைத்திருக்கிறவன், எழும்பினான். "அது ஊரில புழங்குற பேர் தானே, மிஸ். என்னத்துக்கு மாத்திற?" அவனுக்கு என்ன தெரியும். அவனுடைய மூத்தவாப்பாதான் மையவாடியில் சிரித்த இருவரில் ஒருவர்.

அப்போது ஆனந்தராசா எழும்பினார். அன்றைக்கு மணல் மேட்டில் நின்றவர்களில் அவரும் நானும்தான் மிச்சம். பிரின்சிப்பலாக இருந்து பென்சன் எடுத்தவர், வயல்காரர் சங்கத்துக்கு ஆலோசகர். பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார். 

"இது ஒரு குடும்பத்தைத் தொடுற விசயம். முதல்ல அவர் எழும்பித் தன்ர சம்மதத்தைச் சொல்லட்டும். பிறகு நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்று என்னைக் காட்டினார்.

நான் எழும்பினேன். அறுபது வருசம். "அந்தப் பேர எடுங்க" என்றேன். "வேற எது வேணுமெண்டாலும் வையுங்க."

முதலில் கை தட்டினவர் ஆனந்தராசா. பிறகு எல்லோரும் தட்டினார்கள். பூநாரைக் களப்பு என்று ஓட்டோப் பெடியன்கள் சொன்னார்கள். என் மருமகன்தான் முதலில் சொன்னான். நெடும்பள்ளம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த நேரம் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

வாசலில் ஆனந்தராசா என் கையைப் பிடித்தார். "இனி நிம்மதியா இரும், தம்பி."

பெப்ரவரி 2

நல்ல நித்திரை. உம்மாவுக்கும் காக்காவுக்கும் யாசீன் ஓதச் சொன்னேன். ஜெஸ்மின் கேட்கிறாள், இனிக் கொப்பி தேவையில்லையோ என்று. தேவையில்லைத்தான்.

ஏப்ரல் 30

தேவை. எழுது.

பலகை நட்டுவிட்டார்கள். பெரிய பலகை. பூநாரைப் படம், மூன்று பாசையிலும் எழுத்து. றிஸ்கான் ஓட்டோவை நிறுத்தி எனக்கு வாசித்துக் காட்டினான். அவனுக்குச் சந்தோசம், பாவம். மாமனாரின் காரியம் வென்றதென்று நினைத்தான்.

"பூநாரைக் களப்பு. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலின்போது இயற்கையாக உருவான உவர்நீர் ஏரி."

"திருப்பி வாசி" என்றேன். வாசித்தான்.

"இயற்கையா எண்டா?"

"தானா வந்தது, மாமா. ஒருத்தரும் செய்யாம."

ஒருத்தரும் செய்யாமல். வாயை ஒருத்தரும் வெட்டவில்லை. ஒருத்தரும் பொறுங்க என்று சொல்லவில்லை. ஒருத்தரும் பொறுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. அங்கே மனிதரே இருக்கவில்லை. உப்புக்குள் கிடக்கிற வரம்பைப் பூநாரை கட்டினதாக்கும்.

இது யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். ஊர் வரலாறு தெரிந்தவர் என்று ஆனந்தராசா சேரிடம் கேட்டு எழுதினார்களாம்.

மே 3

றிஸ்கானைக் கூட்டிக்கொண்டு ஆனந்தராசா வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் கதிரை போட்டிருந்தார். காலில் சீனி வருத்தப் புண், கட்டுப் போட்டிருந்தது. மகன் சசிகரன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"போட் பலகை பாத்தனீரோ, தம்பி? வடிவா வந்திருக்கு."

"எழுத்து எனக்கு என்னத்துக்கு, அண்ணே. மருமகன் வாசிச்சான். புயல் செஞ்சதாம்."

"புயல்தானே."

"புயலுக்கு வாயத் துறந்து குடுத்தது ஆரு?"

அவர் காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் போடப் பார்த்தார். ஏலவில்லை.

"அண்ணே, நீங்க பக்கத்தில நிண்டீங்க. காக்கா பொறுங்க எண்டு சொன்னது உங்கட காதுக்குக் கேட்டதா, இல்லையா?"

"கேட்டது" என்றார்.

இவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சுக்கூட அதிகமாகத் தேவைப்படவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் ஓம் என்கிற மாதிரி.

"அத ஊருக்குச் சொல்லுங்க. போட்டில போட வேணாம். உங்கட சங்கத்துக் கூட்டத்தில ஒரு வார்த்தை. நான் சொன்னா தம்பிக்காரன் சொல்லுறான் எண்டு சிரிப்பாங்க. இவ்வளவு காலமும் சிரிச்சாங்க. விதானையாரிட மகன் சொன்னா ஊர் கேக்கும்."

"அப்பா போய் எவ்வளவு காலம், தம்பி. அவற்ற பேரில வாசிகசாலை இருக்கு. சசிகரன் சங்கத்துக்குத் தலைவரா நிக்கப்போறான். இனி என்னத்துக்கு? இப்ப ஒருத்தற்ற பேரும் இல்லைத்தானே. உம்மட காக்காவும் விடுபட்டாச்சு, நாங்களும் விடுபட்டாச்சு."

நாங்களும்.

 தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

ஓட்டோவில் வரும்போதுதான் விளங்கியது. அந்தப் பெயர் இருக்கும்வரைக்கும் என்றைக்காவது ஒருவர் கேட்பார்: ஆர் இந்தத் தாஹிர்? ஏன் வெட்டினான்? ஆர் வெட்டச் சொன்னது? கீர்த்தனி கேட்டதே. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது விதானையார் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். அந்தப் பாதையை அழிக்க அறுபது வருசமாக ஊரெல்லாம் சண்டை போட்டது ஆர்? நான்.

முதலில் இவர் சம்மதம் சொல்லட்டும், பிறகு நாங்கள் பாத்துக்கொள்ளுறம். தகப்பன் சொன்ன அதே கதை, மகன் வாயால். எனக்குக் காது இருந்தும் கேட்கவில்லை. நானும் எழும்பி நின்று முதல் மண்ணை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மே 12

பிரதேச செயலகம். கீர்த்தனி என்னைக் கண்டு கதிரை எடுத்துப் போட்டது. பழைய பெயரைத் திருப்பிப் போடுங்கள் என்றேன். பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஐயா, நீங்கள்தானே எடுக்கச் சொன்னனீங்கள். எல்லாருக்கும் முன்னால."

"ஓம்."

"மேல அனுப்பியாச்சு, ஐயா. இனி மாத்த ஏலாது."

"நீ அண்டைக்குக் கேட்டியே மகள், ஆர் அந்தத் தாஹிர் எண்டு. இப்ப சொல்லட்டா?"

சொன்னேன். பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. கண் கலங்கியதோ என்னவோ. ஆனால், "இதை எந்த இடத்தில சேர்க்கிறது எண்டு எனக்குத் தெரியேல்ல, ஐயா" என்றது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையை எடுத்து வைக்க அந்தக் கந்தோரில் ஒரு இறாக்கை இல்லை.

மே 13

கடையில் கதை போய்விட்டது. "அறுபது வருசம் எடு எடு எண்டு கத்தினவர், எடுத்த உடனே வை வை எண்டு கத்துறார்." சிரித்தார்கள். நான் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். கிளாஸ் உடையவில்லை.

ஜூலை 6

களப்புக் கரையில் சவுக்கு நிழலில் இருந்தேன். கொழும்பு வான் ஒன்று வந்தது, குடும்பமாகத் தமிழ் ஆட்கள். ஒரு மனிசி கேட்டா, "இதுதானே ஐயா, பூநாரைக் களப்பு?"

"இது தாஹிர்வெட்டினான்" என்றேன்.

என் வாயால் முதல் தடவை. நாக்குப் பழகாமல் தடுக்கியது. இந்தப் பெயருக்காக நான் அடித்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை பல்லு உடைத்திருக்கிறேன். மனிசி போனைப் பார்த்தா, பலகையைப் பார்த்தா, பிள்ளைகளிடம் "தாத்தாவுக்குக் குழம்பிட்டுது" என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தா.

ஓகஸ்ட் 19

தண்ணீர் வற்றுகிறது. வரம்புகள் தெரியத் தொடங்கிவிட்டன. உம்மாவின் மூலை இன்னும் தண்ணீருக்குள்.

ஊரில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் இப்போது பூநாரைக் களப்பு என்றுதான் சொல்கின்றன. நல்ல பெயர், வாய்க்கு இலேசு. வெட்டினான் என்று என்னைக் கண்டு கத்திவிட்டு ஓடுகிற பிள்ளைகளும் இல்லை. அதைக்கூடக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஜெஸ்மின், இதை எழுதாதே.

எழுதிவிட்டாள்.

செப்டெம்பர் 3

ஆனந்தராசாவின் காலைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். போய்ப் பார்க்கச் சொல்லி ஜெஸ்மின் நிற்கிறாள். "நீங்க ரெண்டு பேரும்தானே வாப்பா, மிச்சம்."

போகவில்லை.

செப்டெம்பர் 14

ஆனந்தராசா போய்விட்டார். சசிகரன் ஆள் அனுப்பிச் சொன்னான்.

செப்டெம்பர் 15

போனேன். றிஸ்கான் கொண்டுபோய் விட்டான். பெரிய சனம். படிப்பித்த பிள்ளைகள், சங்கத்தார், வெள்ளைக் கொடி சந்திவரைக்கும். எரிக்க வேண்டாம், தகப்பனுக்குப் பக்கத்தில் புதையுங்கள் என்று சொல்லியிருந்தாராம். நான் பின்னால் ஒரு வேம்புக்குக் கீழே நின்றேன். பெட்டியை இறக்கின பிறகு சசிகரன் சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கையில் மண்வெட்டி.

"ஐயா, அப்பா சொல்லிப்போட்டுப் போனவர். முதல் மண் நீங்கள்தான் போடவேணுமாம்."

"ஏனாம்?"

"அது சொல்லேல்ல, ஐயா. நானும் கேட்டனான்."

மகனுக்கும் சொல்லவில்லை. சாகிற நேரத்திலும் தகப்பனின் பெயரைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது மன்னிப்போ? இல்லாவிட்டால், இதற்கும் முதல் மண்ணை எங்கள் வீட்டுக் கைதான் வெட்ட வேண்டும் என்கிற பழைய வழக்கமோ? முதல் மண் போட்டால் சம்மதம். பிறகு குறை சொல்லக் கூடாது.

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழியடிக்குப் போனேன். சனம் பார்த்தது. கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட நினைத்தேன். காக்கா அப்படித்தான் செய்தார், பேசாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் பேசாமல் போனதை ஊர் தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டது.

நான் பேசினேன். "புயல் வருசம் வாய் வெட்டின அண்டைக்கு, கடல் கறுத்துக் கிடக்கு, ரெண்டு நாள் பொறுங்க எண்டு என்ட காக்கா தாஹிர் சொன்னார். ரெண்டு தரம் சொன்னார். தங்கரத்தினம் விதானையார் கேக்கல்ல. இந்தக் குழிக்குள்ள கிடக்கிறவர் பக்கத்தில நிண்டு கேட்டவர். கேட்டது எண்டு என்ட முகத்தப் பாத்துச் சொன்னவர்."

 பறை நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "வயசு போன மனிசன், விடுங்கோ" என்றார்கள். சசிகரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து மண்வெட்டியை அவன் பறிக்கவில்லை. அதை மட்டும் சொல்வேன்.

பிறகு மண் போட்டேன். ஒரு வெட்டு. வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது றிஸ்கான் களப்படியில் ஓட்டோவை நிறுத்தினான். முழுக்க வற்றிவிட்டது. உம்மாவின் மூலை வரைக்கும் வரம்பு தெரிந்தது. பூநாரை இல்லை. அவன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டான், இத்தனை வருசத்தில் முதல் தடவையாக: "மாமா, அண்டைக்கு மேட்டில ஆர் ஆர் நிண்டது?"

அவனுக்குச் சொன்னதைக் கொப்பிக்கும் சொல்கிறேன்.

தங்கரத்தினம் வட்டைவிதானை. கட்டிலில் கிடந்து, பிள்ளைகள் சுற்றி நிற்கப் போனார். ஹிஸ்புல்லாவைச் சுனாமி கொண்டுபோனது, மையத்தும் கிடைக்கவில்லை. தாஹிர் புல்மோட்டை மணலுக்குள். ஆனந்தராசா இன்றைக்கு மண்ணுக்குள்.

மிச்சம், கூடையோடு நின்றவன். அவனுடைய பெயரையும் எழுது, மகள். முழுதாக எழுது. ஆமினா உம்மாவின் இளைய மகன், தாஹிரின் தம்பி, அலியார்.